வோல்டாவின் காதும் என் தம்பியின் காதும்

 

அறிவியல் பாடத்துல வோல்ட், வோல்ட் மீட்டர்னு படிக்கிறோமே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அலெசாண்ட்ரோ வோல்டா. இவர் இத்தாலி நாட்டில் கோமோ என்ற ஊரில் 1745 பிப்ரவரி 18-ல் பிறந்தார். நாலு வயசு வரைக்கும் பேசவே இல்லையாம். ஊமைப் பிள்ளையோ என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். அப்புறம் பேச ஆரம்பித்தவர், படிப்பில் எல்லோரையும் முந்திவிட்டார். 1779-ல் பவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் கால்வானி என்ற விஞ்ஞானி, செத்த தவளையின் கால் துடிப்பதைப் பார்த்து, மின்சாரம் தவளை உடம்பிலேயே இருக்கிறது என்றார். வோல்டா ஒத்துக்கல. தவளையைத் தொட்ட இரண்டு உலோகங்களால்தான் மின்சாரம் வருது என்றார். அதை நிரூபிக்க வெள்ளி, துத்தநாகத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டைகளை வைத்தார். மின்சாரம் விடாமல் ஓடியது! அதுதான் முதல் பேட்டரி. 1800-ல் இதை லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார்.

அதே கடிதத்தில் இன்னொரு ஆச்சரியமும் இருக்கு. இரண்டு காதுக்குள்ளும் உலோகக் கம்பியை வைத்து, பேட்டரியோடு இணைத்துப் பார்த்திருக்கிறார்! தலையில் ஓர் அதிர்ச்சி. பிறகு ஏதோ கெட்டியாகக் கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டதாம். மூளைக்கு ஆபத்து என்று பயந்து, அதோடு விட்டுவிட்டார். (நாம யாரும் செய்து பார்க்கக் கூடாது!)

1801-ல் நெப்போலியன் முன்னால் பேட்டரியைச் செய்து காட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். 1827 மார்ச் 5-ல் இறந்தார். அதே மாதம் 26-ல், காது கேளாமலே இசை எழுதிய பீத்தோவனும் இறந்தார்.  1957-ல்தான் பாரிஸில் இரண்டு பேர், காது கேளாத ஒருவரின் செவி நரம்பில் கம்பி வைத்து ஒலியை உணர வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் காக்ளியர் கருவி. வெளியில் உள்ள மைக் சத்தத்தை வாங்கும். அது மின்சாரமாகி, நத்தை ஓடு மாதிரி சுருண்ட உட்செவிக்குள் போய் நரம்பைத் தூண்டும்.

இதை ஏன் எழுதுறேன்னா, எங்க சித்தி பையனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காம போச்சு. காப்பீட்டுத் திட்டத்தில் இந்தக் கருவி வச்சாங்க. முதல் நாள் சத்தம் கேட்டதும் பயந்து அழுதான். சித்தியும் அழுதாங்க. இப்போ பேச்சுப் பயிற்சிக்குப் போறான். போன வாரம் என்னை "அக்கா"ன்னு கூப்பிட்டான்.

உங்க வீட்டுக் குழந்தை சத்தம் கேட்டுத் திரும்பலைன்னா, போகப் போகச் சரியாயிடும்னு இருக்காதீங்க. உடனே டாக்டரிடம் காட்டுங்க. யாரையும் செவிடு, ஊமைன்னு கேலி பண்ணாதீங்க. வோல்டாவையும் அப்படித்தான் நினைச்சாங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி, சாலவாக்கம்