நாவு தடுக்கிய நாவலாசிரியர்

ஆங்கில ஆசிரியர்களுள் சாமர்செட் மாம் என்பவரின் பெயரைக் கேளாதவர் நம் சங்க அன்பர்களில் மிகச் சிலரே இருப்பர். கல்லூரி வாசலை மிதியாத நாமும், ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்தின் தயவால், அவருடைய கதைகள் பலவற்றை இரவு ஷிப்டுகளுக்கு இடையே படித்து இன்புற்றிருக்கிறோம். அத்தனை தெளிவாக எழுதிய அம்மனிதர் வாழ்நாள் முழுவதும் திக்குவாயால் துன்புற்றவர் என்பதை வெகுநாள் கழித்தே அறிந்தோம். அறிந்தபோது நமக்குச் சிறிது வெட்கமாகவும் இருந்தது. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

1874-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், பாரிஸ் மாநகரின் பிரிட்டிஷ் தூதரகத்திலேயே மாம் பிறந்தார். பிரெஞ்சு மண்ணில் பிறந்த பிள்ளை நாளை அந்நாட்டுப் படையில் கட்டாயச் சேவை புரிய நேருமோ என்று அஞ்சிப் பெற்றோர் செய்த ஏற்பாடு அது. தந்தையார் தூதரகத்தின் சட்ட அலுவல்களைக் கவனித்த வக்கீல். குழந்தையின் நாவில் முதலில் ஏறியது பிரெஞ்சு மொழியே. 1882-இல், எட்டு வயது நிரம்பிய சில நாட்களில், அன்னை காசநோயால் மறைந்தார். 1884-இல் தந்தையும் காலமானார். பத்து வயதுச் சிறுவன் கடல் கடந்து, இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்து விட்ஸ்டபிள் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்த தந்தையின் சகோதரர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டான்.

அங்கே அவனுடைய ஆங்கிலம் பிறர் நகைக்கும் ஆங்கிலமாக இருந்தது. பிழைப்பை நாடி அயல் மாநிலத்துக்கு வந்து, கடைவீதியில் இந்தியைத் தட்டுத்தடுமாறிப் பேசிச் சிரிப்புக்கு ஆளான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் தடுமாற்றம் நாளடைவில் தீர்ந்தது; அவனுடையதோ தீரவில்லை. இங்கிலாந்துக்கு வந்தபின்னரே திக்கல் அவனைப் பற்றிக்கொண்டது என்பர். கான்டர்பரி நகரத்துக் கிங்ஸ் பள்ளியில் பாடம் ஒப்பிக்க எழுந்தால் சொல் நாவிலேயே நின்றுவிடும்; வகுப்பு சிரிக்கும்; ஆசிரியர் சினந்து உட்காரச் சொல்வார். இரவில் கடவுளை வேண்டிப் படுத்துக் காலையில் எழுந்தால், திக்கல் முன்போலவே இருக்கும்.

ஒருநாள் அச்சிறுவன் லண்டனிலிருந்து தனியே ஊர் திரும்ப நேர்ந்தது. மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுக்காக நீண்ட வரிசையில் நின்றான். முறை வந்தது. விட்ஸ்டபிள் என்ற ஊர்ப்பெயர் வாயினின்று வரவில்லை. பின்னால் நின்ற இருவர் பொறுமையிழந்து அவனைப் பிடித்து அப்பால் தள்ளினர். அவன் மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றான். முதுமையிலும் மாம் இச்சம்பவத்தை மறக்கவில்லை.

நமது வெட்கத்துக்குக் காரணம் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன் புக்கிங் கவுண்டரில் நாம் அமர்ந்திருந்த ஒரு பண்டிகைக் கால மாலையில், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஜன்னலுக்கு முன் வந்து முதல் எழுத்திலேயே நின்றான். வண்டிக்கு நேரமாகிவிட்டது, வரிசையோ வாசல்வரை நீண்டிருந்தது. அவனை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தோம். கால் மணி நேரம் கழித்து அவன் ஊர்ப்பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினான். டிக்கெட்டைக் கொடுத்தோம். வேறொன்றும் சொல்லவில்லை.

மாமின் பாட்டனாரும் தந்தையும் வழக்கறிஞர்கள். தமையனார் பிரெடெரிக் 1938-இல் லார்ட் சான்சலர் என்ற உயர் பதவியையே எய்தினார். திக்கும் இளையவருக்கு நீதிமன்றமும் இல்லை, தேவாலயப் பிரசங்க மேடையும் இல்லை. ஆகவே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்ந்து வைத்தியம் பயின்றார். லாம்பெத் பகுதியின் ஏழைக் குடிசைகளுக்குப் பிரசவம் பார்க்கச் சென்றார். அங்கே பேச வேண்டியவர்கள் நோயாளிகளே. கேட்க வேண்டியவர் அவர். கேட்டதையும் கண்டதையும் கொண்டு எழுதிய முதல் நாவல் 1897-இல் வெளியாயிற்று. அவ்வாண்டே வைத்தியப் பட்டமும் கிடைத்தது; அத்தொழிலைக் கைவிட்டார். 1908-இல் அவருடைய நான்கு நாடகங்கள் ஒரே சமயத்தில் லண்டன் அரங்குகளில் நடந்தன. தாம் பேச இயலாத துடுக்கான உரையாடல்களையெல்லாம் நடிகர்களின் வாயில் இட்டு வெற்றி கண்டார்.

1915-இல் வந்த 'ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்' பெரும்பாலும் அவருடைய சொந்தக் கதையே. பெற்றோரை இழந்த பிள்ளை, பாதிரியார் வீடு, பள்ளியின் ஏளனம், வைத்தியப் படிப்பு யாவும் அதில் உண்டு. திக்குவாய் மட்டும் இல்லை. கதாநாயகன் பிலிப்புக்கு வளைந்த பாதத்தைக் கொடுத்தார். இதைக் கலைநயம் என்று பாராட்டுவோர் உண்டு. நாற்பத்தொரு வயதிலும் அந்தச் சொல்லைத் தம்மோடு சேர்த்து எழுதக் கை கூசியது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிற்காலத்தில் கீழ்த்திசை நாடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் சுற்றியபோது ஜெரால்டு ஹாக்ஸ்டன் என்ற செயலாளர் உடன் சென்றார். கப்பலிலும் கிளப்பிலும் அயலாரோடு கலகலப்பாகப் பேசி அவர்களை அழைத்துவருவது ஹாக்ஸ்டன் வேலை; ஓரமாக அமர்ந்து கேட்பது மாமின் வேலை. மலாய் நாட்டுத் தோட்டத் துரைமார்களைப் பற்றிய கதைகள் பல இவ்விதம் கிடைத்தவையே.

முதல் உலகப் போரில் அவர் பிரிட்டனின் இரகசிய ஒற்றராகவும் பணியாற்றினார். 1917-இல் ரஷ்யாவில் இருந்தபோது, பிரதமர் கெரென்ஸ்கி ஆயுத உதவி கோரும் அவசரச் செய்தியொன்றை பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜிடம் வாய்மொழியாகவே சேர்ப்பிக்கச் சொன்னார். நாவு எங்கே காலை வாரிவிடுமோ என்று மாம் அஞ்சினார். செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்று நீட்டினார். லாயிட் ஜார்ஜ் படித்துவிட்டு, இயலாது என்றார். சில நாட்களில் கெரென்ஸ்கி அரசு கவிழ்ந்தது. நீட்டிய தாளைப் பற்றிப் படித்தபோது நமக்கு அந்தத் துண்டுச் சீட்டின் நினைவே வந்தது.

1938-இல் வெளியான 'தி சம்மிங் அப்' என்ற நூலில் தமது குறைகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில், உருவத்தில் சிறியவர், கூச்சம் மிக்கவர் என்பவற்றோடு, திக்கிப் பேசுபவர் என்பதையும் அலங்காரமின்றி எழுதினார். கதைமாந்தரின் காலில் மறைத்ததைத் தம் பெயரிலேயே ஒப்புக்கொள்ள அவருக்கு அறுபத்து நான்கு வயது ஆகவேண்டியிருந்தது. திக்கல் அப்போதும் போகவில்லை.

அவ்வாண்டே இந்தியா வந்தார். நம் திருவண்ணாமலைக்கும் சென்றார். ரமணாச்ரமத்தில் அவருக்கு மயக்கம் வந்துவிட்டது. மகரிஷியைக் காண மண்டபத்துக்குச் செல்ல முடியாமல் ஓர் அறையில் படுத்திருந்தார். மகரிஷியே அவ்வறைக்கு வந்து அருகில் அமர்ந்தார். பேச்சு ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் இல்லை, நெடுநேரம் மௌனம். பேசாமல் இருப்பதை ஒருவரும் குறையாக எண்ணாத அத்தகைய சபை அவர் வாழ்வில் வேறெத்தனை முறை வாய்த்திருக்கும்! 1944-இல் வந்த 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' நாவலில் வரும் இந்திய ஞானி அந்தச் சந்திப்பின் விளைவு. மகரிஷியைப் பற்றி 1958-இல் தனிக்கட்டுரையும் எழுதினார்.

1965 டிசம்பர் 16-ஆம் நாள் பிரான்சு நாட்டு நீஸ் நகரில் மாம் காலமானார். தம்மைப் பார்த்துச் சிரித்த கான்டர்பரிப் பள்ளிக்கே அவர் ஒரு நூலகம் அமைய உதவியிருந்தார். அவருடைய விருப்பப்படி அந்நூலகத்தின் சுவரோரமாக அவரது சாம்பல் தூவப்பட்டது.