அயர்டன் சென்னா: இறந்து 30 ஆண்டுகள் தாண்டியும் ரசிகர்கள் இரண்டு அணியாக நிற்பது ஏன்?

ஃபார்முலா 1 பார்க்கிற நண்பர்கள் இருக்கும் வாட்ஸ்ஆப் குரூப்பில் அயர்டன் சென்னா பெயரைச் சும்மா ஒரு தடவை போட்டுப் பாருங்க. ஒருத்தர் உடனே ஹார்ட் போடுவார். இன்னொருத்தர் சுசூகா 1990 என்று மட்டும் டைப் செய்வார். அன்றைக்கு இரவு வரைக்கும் சண்டை ஓடும்.

இத்தனைக்கும் அவர் இறந்தது 1994 மே 1-ஆம் தேதி. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். 161 ரேஸ்கள், 41 வெற்றிகள், தகுதிச்சுற்றில் 65 முறை முதலிடம், மூன்று உலகப் பட்டங்கள். இந்த எண்களை ஷூமாக்கரும் ஹாமில்டனும் எப்போதோ தாண்டிவிட்டார்கள். ஆனாலும் 2010-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது, 2024-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது. புதுசாகப் பார்க்க வருகிறவர்களும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

ஏன் இப்படி? அவரைப் பிடித்தவர்கள் சொல்லும் காரணமும், பிடிக்காதவர்கள் சொல்லும் காரணமும் பெரும்பாலும் ஒன்றேதான். எந்தச் சூழ்நிலையிலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காத குணம்.

யார் இந்த சென்னா?

1960 மார்ச் 21 அன்று பிரேசிலின் சாவ் பாலோவில் பிறந்தவர். வறுமையிலிருந்து மேலே வந்த கதை என்று நினைத்தால், இல்லைங்க. அப்பா மில்டன் டா சில்வா வசதியான தொழிலதிபர். பையனுக்கு நாலு வயதில் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி ஒரு குட்டி கார்ட் செய்து கொடுத்தார். 13 வயதில் பையன் கார்ட் பந்தயங்களில் இறங்கினான்.

1981-இல் இங்கிலாந்து போனார். டா சில்வா என்பது பிரேசிலில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். அதனால் அம்மாவின் குடும்பப் பெயரான சென்னாவை வைத்துக்கொண்டார். 1983-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 பட்டம். 1984-இல் டோல்மேன் என்ற சின்ன அணியில் ஃபார்முலா 1 நுழைவு.

அந்த ஆண்டு மொனாக்கோவில் கொட்டும் மழை. 13-வது இடத்தில் தொடங்கியவர் ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தார். முன்னால் இருந்தவர் பிரான்ஸின் அலைன் ப்ராஸ்ட். இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வர, 31-வது சுற்றோடு மழையைக் காரணம் காட்டி ரேஸை நிறுத்தினார்கள். வெற்றி ப்ராஸ்டுக்கு. பிற்பாடு பத்தாண்டு ஓடிய பகையின் முதல் காட்சி இது.

மழை ஏன் முக்கியம்? காய்ந்த டிராக்கில் நல்ல எஞ்சின் வைத்திருப்பவருக்குச் சாதகம் அதிகம். ஈரத்தில் அந்தச் சாதகம் சுருங்கி, ஓட்டுபவரின் கையும் காலும்தான் பேசும். சென்னாவின் முதல் வெற்றி 1985-இல் போர்ச்சுகலில், மழையில். 1993-இல் இங்கிலாந்தின் டோனிங்டனில், அதுவும் மழையில், முதல் சுற்றிலேயே ஐந்தாம் இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வந்துவிட்டார். அவரைப் பிடிக்காதவர்கள்கூட அந்தச் சுற்றின் வீடியோவைப் பார்த்தால் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்வார்கள்.

பிரேசில் ஏன் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது?

அவர் ஜெயித்த காலத்தைப் பாருங்கள். 1964-இல் தொடங்கிய ராணுவ ஆட்சி 1985-இல்தான் முடிந்தது. மக்களாட்சியின் முதல் அதிபராகத் தேர்வான டான்க்ரெடோ நெவெஸ், பதவியேற்கும் முன்பே நோயில் விழுந்து இறந்துபோனார். அவர் இறந்த 1985 ஏப்ரல் 21-ஆம் தேதிதான் போர்ச்சுகலில் சென்னாவின் அந்த முதல் வெற்றி. அடுத்து வந்தது பணவீக்கம். சில ஆண்டுகளில் அது ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியது. 1990-இல் மக்கள் வங்கியில் போட்டு வைத்த பணத்தையே அரசு முடக்கியது. கால்பந்து உலகக் கோப்பையும் 1970-க்குப் பிறகு கைக்கு வரவில்லை.

1986-இல் உலகக் கோப்பைக் காலிறுதியில் பிரான்ஸிடம் பிரேசில் தோற்றது. மறுநாள் டெட்ராய்ட்டில் சென்னா ஜெயித்தார். காரை நிறுத்தி ஒரு பிரேசில் கொடியை வாங்கிப் பிடித்துக்கொண்டே டிராக்கைச் சுற்றினார். அன்றிலிருந்து அது அவருடைய வழக்கம் ஆனது. சம்பளம் மாதக் கடைசியில் பாதி மதிப்பாகிவிடுகிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போட்டால் நம்ம ஆள் ஒருத்தர் உலகத்தையே முந்துகிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்க.

1991-இல் சொந்த ஊரான இன்டர்லாகோஸில் ஜெயித்தார், சொந்த நாட்டு ரேஸில் அது எட்டாவது முயற்சி. கடைசிச் சுற்றுகளில் கியர்பாக்ஸ் பழுதாகி ஆறாவது கியர் மட்டுமே மிச்சம். முடித்தபோது உடம்பு முழுக்கத் தசைப்பிடிப்பு. காரிலிருந்து அவரை வெளியே தூக்கினார்கள், கோப்பையை உயர்த்தவே திணறினார். அந்தப் படம் பிரேசிலில் பல வீட்டுச் சுவர்களில் ஏறியது. அதே பிரேசிலில், மூன்று முறை சாம்பியனான நெல்சன் பிக்கேயின் ரசிகர்களுக்கு மட்டும் சென்னாவைப் பார்த்தாலே ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெறுப்பு எங்கே ஆரம்பித்தது?

முதலில் இங்கிலாந்தில். 1986-க்கு லோட்டஸ் அணி டெரெக் வார்விக் என்ற திறமையான பிரிட்டிஷ் ஓட்டுநரைச் சேர்க்க நினைத்தது. சென்னா தடுத்துவிட்டார். இரண்டு முன்னணி ஓட்டுநர்களுக்குச் சமமான கார் தயார் செய்ய அந்த அணியால் முடியாது என்பது அவர் வாதம். ஒரு நல்ல ஓட்டுநரின் பிழைப்பில் கைவைத்தார் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன.

1988-இல் மெக்லாரன் அணிக்கு வந்தார். சக ஓட்டுநர் யார் தெரியுமா? அதே ப்ராஸ்ட். 16 ரேஸ்களில் 15-ஐ இவர்கள் இருவரே ஜெயித்தார்கள். சென்னா 8, ப்ராஸ்ட் 7. மொத்தப் புள்ளிகளில் ப்ராஸ்ட் 105, சென்னா 94. ஆனால் சிறந்த 11 முடிவுகளை மட்டும் கணக்கில் எடுக்கும் அன்றைய விதிப்படி 90-87 என்று சென்னாவுக்குப் பட்டம் போனது. விதிப்படி சரி. இருந்தாலும் ப்ராஸ்ட் ரசிகர்களுக்கு அது இன்றும் ஆறாத புண்.

அந்த ஆண்டு போர்ச்சுகலில், முந்த வந்த ப்ராஸ்டை அதிவேகத்தில் சுவர்ப் பக்கமாக நெருக்கினார் சென்னா. அதிகம் பேசாமல், கணக்குப் போட்டு ஓட்டுகிற ப்ராஸ்ட், இந்த ஆளோடு சரிசமமாக ஓட்டவே முடியாது என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல வந்தார்.

சுசூகாவில் என்னதான் நடந்தது?

சண்டைக்கெல்லாம் மையம் ஜப்பானின் சுசூகாதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

1989. பட்டம் கைவிட்டுப் போகாமல் இருக்க சென்னா ஜெயித்தே ஆக வேண்டும். முன்னால் ப்ராஸ்ட். குறுகலான வளைவு ஒன்றில் சென்னா உள்பக்கமாக நுழைய, ப்ராஸ்ட் திரும்ப, இரண்டு கார்களும் பின்னிக்கொண்டன. ப்ராஸ்ட் இறங்கி நடந்தார். சென்னா காரைத் தள்ளச் சொல்லி மீண்டும் கிளப்பி, உடைந்த முன்பகுதியை மாற்றி, எல்லோரையும் தாண்டி முதலாவதாக முடித்தார். பிறகு அந்த வளைவைக் கடக்காமல் குறுக்கே போனதாகச் சொல்லித் தகுதிநீக்கம் செய்தார்கள். பட்டம் ப்ராஸ்டுக்கு. மேல்முறையீட்டில் 1,00,000 டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதத் தடையும்தான் கிடைத்தன. அப்போது விளையாட்டை நிர்வகித்த அமைப்பின் தலைவர் ஜான்-மரி பாலெஸ்த்ர், ப்ராஸ்டைப் போலவே பிரெஞ்சுக்காரர். தனக்கு அநியாயம் நடந்தது என்று சென்னா நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

1990. அதே சுசூகா, நிலைமை தலைகீழ். இந்த முறை ப்ராஸ்ட் ரேஸை முடிக்காவிட்டால் பட்டம் சென்னாவுக்கு. தகுதிச்சுற்றில் சென்னா முதலிடம். ஆனால் முதலிடத்துக்கான கட்டம் டிராக்கின் தூசி படிந்த பக்கம் இருந்தது. அதில் டயர் சரியாகப் பிடிக்காது. மாற்றச் சொல்லிக் கேட்டார், மாற்றவில்லை. எதிர்பார்த்தபடியே ப்ராஸ்ட் முந்திக் கிளம்பினார். முதல் வளைவில் சென்னா பிரேக்கைத் தொடாமல் நேராகப் போய் மோதினார். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் வேகம். இரண்டு கார்களும் மணலில். ரேஸ் தொடங்கிச் சில நொடிகளில் சென்னா உலக சாம்பியன்.

மறு ஆண்டு, அது விபத்து இல்லை, தெரிந்தே செய்ததுதான் என்று அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இதற்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாதுங்க. 1989-இல் அவருக்கு நடந்தது அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில், பின்னால் வரிசையாகக் கார்கள் பாய்ந்து வரும் இடத்தில் இன்னொரு மனிதரை வேண்டுமென்றே இடிப்பதா? ப்ராஸ்ட் உயிரோடு நடந்து வெளியே வந்தது அதிர்ஷ்டம். சுசூகா 1990 என்று டைப் செய்கிற உங்கள் நண்பர் சொல்வது இதைத்தான்.

அதே ஆள்தானா இவர்?

1992, பெல்ஜியம். தகுதிச்சுற்றில் பிரெஞ்சு ஓட்டுநர் எரிக் கோமாஸ் மோதி மயங்கிக் கிடந்தார். அவர் கார் எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. மற்ற கார்கள் வேகமாக வந்துகொண்டிருந்த டிராக்கில் சென்னா தன் காரை நிறுத்தி இறங்கினார், ஓடினார், எஞ்சினை அணைத்தார், மருத்துவர் வரும்வரை கோமாஸின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

1993-இல், முதல் ரேஸ் ஓட்ட வந்த எடி இர்வைனை, தனக்கு வழிவிடவில்லை என்று தேடிப்போய் அடித்தவரும் இவர்தான். அடுத்த ரேஸில், தன் கடைசி வெற்றிக்குப் பிறகு, ஓய்வுபெறும் ப்ராஸ்டை மேடையில் தன் படிக்கு இழுத்து அணைத்துக்கொண்டவரும் இவர்தான்.

இவை ஒன்றுக்கொன்று முரண் என்று தோன்றும். ஆனால் கோமாஸுக்காக ஓடியபோதும், ப்ராஸ்டை இடித்தபோதும், தன் உயிர் போகலாம் என்ற கணக்கு அவரைத் தடுக்கவில்லை. சுசூகாவில் அந்தக் கணக்கில் அடுத்தவர் உயிரையும் சேர்த்துவிட்டார் என்பதுதான் வித்தியாசம்.

மரணம் எதை மாற்றியது?

1994, இத்தாலியின் இமோலா. வெள்ளிக்கிழமை ரூபன்ஸ் பாரிகெல்லோ பெரிய விபத்தில் தப்பினார். சனிக்கிழமை ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் இறந்தார். ஞாயிறு காலை, பாதுகாப்புக்காக ஓட்டுநர்கள் சங்கத்தை மீண்டும் தொடங்குவது பற்றி சென்னா மற்றவர்களிடம் பேசினார். மதியம் ஏழாவது சுற்றில், டாம்புரெல்லோ வளைவில் அவரது வில்லியம்ஸ் கார் சுவரில் மோதியது. வயது 34. காருக்குள் மடித்து வைத்த ஆஸ்திரியக் கொடி ஒன்று இருந்தது. ஜெயித்தால் ராட்ஸன்பெர்கருக்காகக் காட்ட வைத்திருந்தது.

பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது. சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ப்ராஸ்டும் ஒருவர். ஜூலையில் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் கால்பந்து அணி அதை சென்னாவுக்குச் சமர்ப்பித்தது. ஏழைக் குழந்தைகளுக்கு அவர் சத்தமில்லாமல் உதவியது பிறகுதான் பரவலாகத் தெரிந்தது. அக்கா விவியன் அவர் பெயரில் தொடங்கிய கல்வி அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. விவியனின் மகன் புரூனோ சென்னா 2010-இல் ஃபார்முலா 1-க்கு வந்தபோது, ஹிஸ்பானியா அணியில் அவருடன் ஓட்டியவர் நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக்.

இமோலாவுக்குப் பிறகு டிராக்குகளும் கார்களும் மாறின. அடுத்து ஓட்டுநர் ஒருவரின் உயிரைப் பறித்த ரேஸ் விபத்து, 2014-இல் ஜூல்ஸ் பியான்கிக்கு நேர்ந்தது. அதுவும் சுசூகாவில்தான்.

இளம் வயதில் இறந்தவரைத் திட்ட யாருக்கும் மனசு வராது. அதனால் திரையில் நாம் பார்க்கும் சென்னாவுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சமும், ப்ராஸ்டுக்குக் கொஞ்சம் கூடுதல் நிழலும் விழுந்திருக்கின்றன. பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ நீங்கள் எந்தப் பக்கம்? இந்தக் கேள்வி உங்கள் ஆபீஸிலும் இருக்கிறது. டார்கெட்டை முடிக்க யாரை வேண்டுமானாலும் ஓரங்கட்டும் ஒருத்தர் எல்லா டீமிலும் உண்டு. அவர் நம் பக்கம் இருந்தால் தில்லு என்கிறோம், எதிர்ப்பக்கம் இருந்தால் திமிரு என்கிறோம். சென்னா விஷயத்திலும் பிரேசிலும் பிரான்ஸும் செய்தது அதைத்தான்.

டோனிங்டன் 1993-இன் முதல் சுற்றையும், சுசூகா 1990-இன் முதல் வளைவையும் இன்றைக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்க. முதலாவதுக்குக் கைதட்டலாம், இரண்டாவதுக்குக் கோபப்படலாம். ஒன்றுக்காக மற்றொன்றை மறக்க வேண்டியதில்லை.