பேசாதிருந்த பிள்ளை: ஸ்ரீ குமரகுருபர சுவாமிகள்

தாமிரபரணிக் கரையிலே உள்ள ஸ்ரீவைகுண்டத்தில், 17ஆம் நூற்றாண்டிலே, சண்முகசிகாமணிக் கவிராயரும் அவர் மனைவியார் சிவகாமசுந்தரி அம்மையாரும் வாழ்ந்து வந்தனர். முருக பக்தியும் தமிழ்ப் புலமையும் நிறைந்த இல்லம். அங்கே பிறந்த ஆண் குழந்தைக்குக் குமரகுருபரன் எனப் பெயரிட்டனர். புலவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் ஐந்து வயதாகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

பிரசங்கங்களில் இந்த இடத்தை ஒரே வசனத்தில் கடந்து விடுவார்கள். பிள்ளை வளர்க்கும் எம்மால் அப்படிக் கடக்க முடிவதில்லை. துபாயிலோ ஷார்ஜாவிலோ ஒரு சிறிய ஃபிளாட்டில், பாட்டன் பாட்டி பக்கத்தில் இல்லாமல், வீட்டில் தமிழும் லிஃப்டில் மலையாளமும் ஹிந்தியும் நர்சரியில் ஆங்கிலமும் அரபும் கேட்டு எமது பிள்ளைகள் வளர்கின்றார்கள். ஒரு பிள்ளை பேசப் பிந்தினால் ஊரிலிருந்து வரும் தொலைபேசியில் முதற் கேள்வியே அதுதான். எமது இளைய மகள் மூன்று வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதிருந்தபடியால் அந்தக் கேள்வியின் பாரம் எமக்கு நன்கு தெரியும்.

கவிராயர் தம்பதியர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குச் சென்றார்கள். கடலில் நீராடி, செந்திலாண்டவன் சந்நிதியிலே விரதமிருந்து, ஒரு மண்டல காலம் வரை காத்திருந்தார்கள் என்பது வரலாறு. முருகன் அருளால் பிள்ளை வாய் திறந்தது. திறந்ததும் கந்தர் கலிவெண்பா பிறந்தது. அற்புதத்தை நம்புவோர் நம்புவர். எமக்கு அதற்குச் சமமாகப் பெரிதாகத் தோன்றுவது அந்தக் காத்திருப்பு. பேசாத பிள்ளையைக் குறைபட்ட பொருளாக ஒளித்து வைக்காமல், ஊரறியக் கோயிலுக்குக் கொண்டு போனார்களே!

(இடையில் ஒரு வார்த்தை: நேர்த்தி வைப்பதுடன் செவிப் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் காலந்தாழ்த்தாமல் அழைத்துச் செல்லுங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.)

வளர்ந்தபின் சுவாமிகள் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். அப்போது மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர் (1623–1659). பிள்ளைத்தமிழ் என்பது என்ன? உலகத்தையே ஈன்ற அன்னையைத் தன் மடியிலிருக்கும் மழலையாகக் கண்டு மகிழ்வது. ஐந்தாம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடினால் அது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டினால் சப்பாணி. முத்தம் கேட்பது, தளர்நடையில் வா என்று அழைப்பது, நிலாவை விளையாடக் கூப்பிடுவது என்று பத்துப் பருவங்கள். இதில் தாலப் பருவம் ஒன்று. தால் என்றால் நாக்கு. நாவசைத்துப் பாடுவதால் தாலாட்டு. ஐந்து வருடம் நாவசையாதிருந்தவர் அந்தப் பருவத்தைப் பாடினார் என்பதை நினைக்குந்தோறும் மனம் உருகுகின்றது. அரங்கேற்றத்தின் போது மீனாட்சியே அர்ச்சகரின் சிறு பெண் உருவில் வந்து, நாயக்கர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்கு அணிவித்தாள் என்பர். பின்னர் வைத்தீசுவரன் கோயிலில் முத்துக்குமாரசுவாமி மீதும் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார்.

தமது பேச்சு எங்கே நின்றுபோகின்றதோ அவரே தம் குரு என்று சுவாமிகள் எதிர்பார்த்திருந்தார். தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகர் பெரியபுராணச் செய்யுள் ஒன்றின் அனுபவப் பொருளைக் கேட்டபோது, அத்தனை நூல் பாடிய நா நின்றுவிட்டது. பெற்றோர் அழுது நீக்கிய மௌனம் இம்முறை ஞானத்தின் வாசலாக வந்தது. அங்கேயே உபதேசம் பெற்றார்.

குருவின் ஆணைப்படி காசிக்குச் சென்றார். ஆட்சியிலிருந்த முகலாயர்களோடு பேச ஹிந்துஸ்தானி வேண்டும். அவருக்கோ அது தெரியாது. அந்நிய மண்ணில் மொழி தெரியாமல் அலுவலகப் படியேறிய எம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை. கலைமகளை வேண்டிப் பத்துப் பாடல்கள் பாடினார், மொழி வசமாயிற்று. அதுவே சகலகலாவல்லி மாலை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் நவராத்திரி தோறும், பொருள் முழுவதும் விளங்காமலே, அவலுக்கும் கடலைக்கும் காத்துக்கொண்டு நாம் கூட்டமாகப் பாடியது அதைத்தான். இப்போது எமது மகள் பாடுகின்றாள். ளகரம் இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் குரலுக்குக் குறைவில்லை.

காசியில் கேதாரநாதர் ஆலயத்தைப் புதுப்பித்து வழிபாடு நடக்கச் செய்து, மடமும் அமைத்து, காசிக் கலம்பகம் பாடி, அங்கேயே சுவாமிகள் சிவபதம் அடைந்தார். அவர் வழிவந்தவர்கள் பின்னர் சோழநாட்டுத் திருப்பனந்தாளில் காசி மடத்தை நிறுவினார்கள். குருபூசை வைகாசித் தேய்பிறைத் திருதியையில் வருகின்றது.