பிலிப் ஹென்ச்சும் கார்டிசோனும்: ஸ்டீராய்டு மருந்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல்

முடக்குவாதம், ஆஸ்துமா, தோல் நோய் போன்ற ஒன்றுக்காக மருத்துவர் உங்களுக்கு ஸ்டீராய்டு மருந்து எழுதித் தந்திருக்கலாம். எவரும் எழுதித் தராமலேயே, நடவு முடிந்த மாலையில் முழங்கால் வலிக்கென்று வாங்கிய பொட்டலத்திலும் அது இருந்திருக்கலாம். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியைப் போன்ற நெல் விளையும் ஊர்களில், நாள் முழுதும் குனிந்து சேற்றில் நிற்போருக்கு மூட்டு வலியும் சேற்றுப்புண்ணும் புதியவை அல்ல. வலியும் அரிப்பும் ஓரிரு நாளில் அடங்கினால் அந்த மருந்தை நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர், இம்மருந்தை முதன்முதலில் முடக்குவாத நோயாளிக்குச் செலுத்திய மருத்துவரும் அதே வியப்பை அடைந்தார். பின்னர் அதன் மறுபக்கத்தையும் அவரே கண்டார். அவரது வாழ்க்கையை அறிந்துகொண்டால், உங்கள் மருந்துச் சீட்டில் எழுதப்படும் எச்சரிக்கைகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

பிலிப் ஷோவால்டர் ஹென்ச் 1896 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு மேலண்ணம் பிளவுபட்டிருந்தது. பேச்சில் அதன் தடை இறுதிவரை இருந்தது. ஆயினும் அவையில் பேசுவதை அவர் தவிர்த்தவரல்லர். 1920இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே மின்னசோட்டா மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் சேர்ந்தார். 1926இல் அங்கு மூட்டுவாத நோய்ப் பிரிவின் தலைவரானார். அக்காலத்தில் மூட்டுவாதப் பிரிவு இளம் மருத்துவர்கள் விரும்பும் இடமன்று. ஆஸ்பிரின், ஓய்வு, வெந்நீர்க் குளியல், தங்க உப்பு ஊசி ஆகியவற்றுக்கு மேல் கொடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. முடக்குவாதம் வந்தவர் படிப்படியாகப் படுக்கையில் வீழ்வார் என்பதே பொதுவான எண்ணம்.

1929 ஏப்ரல் மாதத்தில் 65 வயதான ஒருவர் ஹென்ச்சிடம் ஒரு செய்தியைச் சொன்னார். தமக்கு மஞ்சள் காமாலை வந்த உடனேயே பல ஆண்டுகளாக வாட்டிய மூட்டு வலி குறைந்துவிட்டது என்றார். காமாலை நீங்கிய பின்னரும் சில மாதங்கள் அவருக்கு வலி திரும்பவில்லை. வேறொரு மருத்துவர் இதைத் தற்செயல் என்று விட்டிருக்கக்கூடும். ஹென்ச் குறித்துவைத்துக்கொண்டு, அதைப் போன்ற பிறரைத் தேடினார், கண்டார். முடக்குவாதமுள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வலி தணிவதையும் பின்னர் கவனித்தார். தீராது என்று கருதப்பட்ட நோய் உடலுக்குள்ளேயே ஏதோ ஒன்றால் தற்காலிகமாகவேனும் அடங்குகிறது என்பதே அவர் கண்ட உண்மை. அந்த அறியாப் பொருளுக்குப் பொருள் எக்ஸ் என்று பெயரிட்டார். அதைத் தேடி நோயாளிகளுக்குப் பித்த உப்புகளைக் கொடுத்தார். காமாலை உற்றவரின் இரத்தத்தையும் செலுத்திப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. நோயாளி சொல்லும் சிறு செய்தியைக் குறித்துவைக்கும் பழக்கமே அவருடைய உண்மையான கருவி என்று சொல்லலாம். மருத்துவரிடம் செல்லும்போது நீங்களும் அதைச் செய்யுங்கள்: எந்த மருந்தை, எத்தனை நாள் உட்கொண்டீர்கள் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

அதே நிலையத்தில் எட்வர்ட் கெண்டல் என்னும் வேதியியலார், மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்துவந்தார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சிறிய சுரப்பிகள் அவை. உடல் காய்ச்சலையோ காயத்தையோ பட்டினியையோ தாங்குவதற்கு வேண்டிய இயக்குநீர்களை அவை சுரக்கின்றன. கெண்டல் தாம் பிரித்த பொருள்களுக்கு ஏ, பி, இ, எஃப் என்று எழுத்துகளையே பெயராக இட்டார். 1941இன் தொடக்கத்தில் இருவரும் பேசி, கூட்டுப்பொருள் இ கிடைத்தால் அதை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தனர். கிடைத்தால்தானே! உலகப் போர் குறுக்கிட்டது. ஹென்ச் இராணுவ மருத்துவமனைப் பணிக்குச் சென்றார். மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் மாட்டின் பித்தநீரிலிருந்து தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப்படிகளைக் கடந்து அப்பொருளை உருவாக்கினார். பிறகும் சோதனைக்குப் போதுமான அளவு சேர 1948 ஆகிவிட்டது.

1948 செப்டம்பர் 21 அன்று, 29 வயதான ஒரு பெண்ணுக்கு முதல் ஊசி தசையில் போடப்பட்டது. படுக்கையில் புரளவும் அவருக்கு இயலாதிருந்தது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அளவில் மருந்து தொடரப்பட்டது. ஓரிரு நாளில் விறைப்பு தளர்ந்தது. ஒரு வாரத்துக்குள் அவர் எழுந்து கடைத்தெருவுக்கே சென்று பல மணி நேரம் நடந்து திரும்பினார். மேலும் பல நோயாளிகளிடமும் இதே மாற்றம் தோன்றியது. ஆனால் ஹென்ச் உடனே பறைசாற்றவில்லை. மருந்தை நிறுத்தியபோது நோய் மீண்டும் வந்ததையும் அவர் குறித்தார். 1949 ஏப்ரல் 20 அன்று மேயோ மருத்துவர்கள் கூட்டத்தில், நோயாளிகள் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் காட்டும் வண்ணத் திரைப்படத்துடன் முடிவுகளை வெளியிட்டார். இ என்ற எழுத்தை வைட்டமின் இ என்று மக்கள் மயங்கிக்கொள்ளாதிருக்க, அம்மருந்துக்குக் கார்டிசோன் என்று பெயர் வந்தது.

செய்தி பரவியதும் உலகெங்கும் நோயாளிகள் மருந்து கேட்டு எழுதினர், நேரிலும் வந்தனர். 1950இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் டாடெயுஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. முதல் ஊசியிலிருந்து பரிசு வரை இரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன.

அந்த இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே இன்னொரு வரலாறும் எழுதப்பட்டுவந்தது. தொடக்க நோயாளிகளின் முகம் உருண்டு வீங்கியது. எடை ஏறியது. தோலில் பரு தோன்றியது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்ந்தன. சிலருக்கு உறக்கம் கெட்டு, மனநிலை தாறுமாறாகியது. தாம் கண்டது முடக்குவாதத்தைக் குணமாக்கும் மருந்தன்று, அதை அடக்கி வைக்கும் மருந்து என்பதை ஹென்ச் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலில் கொடுத்த அளவு மிகுதி என்பதும் தெளிவாயிற்று. தாம் கண்டுபிடித்த மருந்தைப் பற்றித் தாமே எச்சரிப்பது எளிதன்று. அவர் செய்த பணிகளில் அதையே உயர்ந்ததாகக் கருதத் தோன்றுகிறது.

அந்த 100 மில்லிகிராம் கார்டிசோன் இன்றைய கணக்கில் எவ்வளவு என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. 25 மில்லிகிராம் கார்டிசோனின் ஆற்றல் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனிலும் 0.75 மில்லிகிராம் டெக்சாமெத்தசோனிலும் அடங்கிவிடுகிறது. மாத்திரை அட்டையில் 0.5 என்ற எண்ணைப் பார்த்து, குறைந்த வீரியம் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் சொந்தச் சுரப்பிகள் ஒரு நாளில் சுரப்பது சுமார் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு ஈடானதே. அத்தகைய சிறு மாத்திரைகளை வலிக்கு நாளும் இரண்டு மூன்று என்று பல மாதம் விழுங்குபவர், தம்மை அறியாமலே உடல் சுரப்பதைப் போல் இருமடங்கு வரை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்கிறார்.

வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் உள்ளே உற்பத்தி நின்றுவிடும். வாய்க்காலில் ஓயாமல் நீர் வந்தால் கிணற்றை யாரும் தூர்வாரமாட்டார்கள் அல்லவா? அட்ரினல் சுரப்பிகள் அவ்வாறே சுருங்கிப்போகின்றன. இதன் கொடுமை 1952இல் வெளிப்பட்டது. பல மாதங்கள் கார்டிசோன் உட்கொண்டுவந்த ஓர் இளம் முடக்குவாத நோயாளிக்கு இடுப்பு மூட்டில் அறுவை செய்யப்பட்டது. அதற்கு முன் மருந்து நிறுத்தப்பட்டிருந்தது. அறுவைக்குப் பின் அவருடைய இரத்த அழுத்தம் வீழ்ந்தது. எதற்கும் மீளாமல் இறந்தார். பிணக்கூறாய்வில் அட்ரினல் சுரப்பிகள் சுருங்கியிருந்தமை தெரிந்தது. அறுவையின் அழுத்தத்தைத் தாங்க அவருடைய உடலில் சரக்கு இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று வாரத்துக்கு மேல் உட்கொண்டவர் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எந்த அளவில், எத்தனை நாளில் என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்வார். மருந்து தீர்ந்துவிட்டது, ஊருக்குப் போய்விட்டேன், உடம்பு நன்றாக இருக்கிறது என்ற காரணங்களால் நிறுத்துவோரே மிகுதி. வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டாலும் அது நிறுத்தியதற்குச் சமமே. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடும் சோர்வு, தலைச்சுற்றல், மயக்கம் ஏற்பட்டால் 108 எண்ணை அழைத்து, ஸ்டீராய்டு உட்கொள்வதை முதலில் சொல்லுங்கள்.

ஹென்ச்சின் காலத்துக்குப் பின் மருந்துகள் மேம்பட்டன. 1950களின் நடுவில் பிரெட்னிசோனும் பிரெட்னிசோலோனும், 1958இல் டெக்சாமெத்தசோனும் வந்தன. உப்பையும் நீரையும் உடலில் தேக்கும் தன்மை குறைந்தது. மற்றத் தீங்குகள் குறையவில்லை. உணவுக்குப் பின், பெரும்பாலும் காலையில் உட்கொள்ளச் சொல்வது இயற்கையான சுரப்பு காலையில் மிகுவதால்தான். இரவில் உட்கொண்டால் உறக்கமும் கெடும். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை ஏறும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் அளக்கச் சொல்லி, நீங்கள் உட்கொள்ளும் மருந்தின் பெயரையும் தெரிவியுங்கள். நீண்ட காலம் உட்கொள்வோருக்கு எலும்பு தேய்கிறது. கண்ணில் புரையும் அழுத்தமும் வரலாம். பழைய காசநோய் மீண்டும் தலைதூக்கலாம். கோவிட் தொற்றின்போது டெக்சாமெத்தசோன், ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காத்தது. அதே காலத்தில், கட்டுப்பாடற்ற சர்க்கரையுடன் ஸ்டீராய்டை மிகுதியாகவோ தேவையின்றியோ பெற்றவர்களிடம் கருப்புப் பூஞ்சை நோய் பரவலாகக் காணப்பட்டது. 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இவற்றைப் படித்துவிட்டு அதைத் தூக்கியெறிய வேண்டாம். நேரே நுரையீரலுக்குச் செல்லும் அந்த அளவு மிகக் குறைவு. உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் பூஞ்சையும் வரும் வாய்ப்பு குறையும்.

மாத்திரையை அஞ்சுபவரும் களிம்பை அஞ்சுவதில்லை. சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் பூஞ்சையால் வருபவை. கடையில் கேட்டதும் கிடைக்கும் பல களிம்புகளில் பூஞ்சைக்கான மருந்தோடு பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால் கலந்திருக்கும். தடவிய மறுநாளே அரிப்பு நிற்கும். பூஞ்சையோ உள்ளே படரும். வட்டமான விளிம்பு மறைந்துபோவதால் பின்னர் மருத்துவருக்கே நோயை அடையாளம் காண்பது கடினமாகிறது. தோல் மெலிந்து, தொடையிலும் அக்குளிலும் கோடுகள் விழும். அவை மறைவதில்லை. முகம் வெளுக்கும் என்று தடவும் சில களிம்புகளிலும் ஸ்டீராய்டு உண்டு. நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். 2018இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தது. ஆகவே களிம்புக் குழாயில் சோன் அல்லது சால் என முடியும் பெயர் இருந்தால், அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டிய பின் தடவுங்கள்.

தம் பிற்காலத்தில் ஹென்ச் இன்னொரு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். 1900இல் கியூபாவில் வால்டர் ரீட் நடத்திய மஞ்சள் காய்ச்சல் சோதனையில் உண்மையில் யார் என்ன செய்தனர் என்பதை அறிய, கடிதங்களையும் ஆவணங்களையும் பல ஆண்டுகள் திரட்டினார். தம்மைக் கொசுக்கடிக்கு ஒப்புக்கொடுத்த தொண்டர்களுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தத் தொகுப்பு இன்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1957இல் மேயோவிலிருந்து ஓய்வு பெற்றார். 1965 மார்ச் 30 அன்று ஜமைக்காவில் காலமானார்.

உங்களுக்கு ஸ்டீராய்டு தொடங்கப்பட்டிருந்தால், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கும் முன்பும் அறுவைக்கு முன்பும் அதைக் காட்டுங்கள். சீட்டில்லாமல் பொட்டலத்தில் வாங்கிய வலி மாத்திரைகளைப் பல வாரம் உட்கொண்டிருந்தால், கூச்சப்படாமல் அவற்றையே மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள். தாமாக நிறுத்திவிட்டுச் செல்ல வேண்டாம். ஐயம் இருப்பின் 104 எண்ணில் கேட்கலாம்.