கைவிளக்கும் கணக்கேடும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கைவிளக்கேந்திய காரிகை என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் நம்மிடையே பலர். நள்ளிரவில் விளக்கொன்றைத் தாங்கி, புண்பட்ட வீரர்களிடையே உலவிய அருள்வடிவமாகவே அவரை நாம் அறிவோம். அச்சித்திரம் பொய்யன்று, ஆயினும் அரைச் சித்திரமே. (அவ்விளக்குங்கூட ஓவியர்கள் தீட்டும் அகல் போன்றதன்று; துருக்கியர் கையாண்ட கூண்டு விளக்காகும்.) அம்மையாரின் மற்றொரு கையில் இருந்தது கணக்கேடு. நம் குடியிருப்பின் மகளிர் சிலர் இந்நகரத்து மருத்துவமனைகளில் செவிலியராகப் பணிபுரிகின்றனராதலின், அவ்வேட்டின் கதையை ஆண்டு மலரில் வரைய விழைந்தேன்.

1820 மே 12-இல், இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் தங்கியிருந்த செல்வம் மிக்க ஆங்கிலப் பெற்றோர்க்கு அவர் பிறந்தார்; ஊரின் பெயரே பெயராயிற்று. நோயாளர்க்குத் தொண்டு செய்யப் போவதாக மகள் உரைத்தபோது இல்லத்தார் திடுக்கிட்டனர். அந்நாளில் மருத்துவமனைத் தாதி வேலை குடிப்பிறந்த மகளிர்க்கு இழுக்கெனக் கருதப்பட்டது. பல்லாண்டுகள் போராடிய பின், 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் மூன்று திங்கள் பயிற்சி பெற்றார். 1853-இல் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறிய இல்லமொன்றின் கண்காணிப்பாளரானார். அங்கு அவர் முதலில் கேட்டவை எவை? மாடிகளுக்கு வெந்நீர்க் குழாய். உணவை மேலேற்றும் பொறி. நோயாளி மணியடித்தால் எவர் அழைத்தார் எனச் செவிலிக்குக் காட்டும் அடையாளத் தகடு. செவிலி படியேறி இறங்குவதிலேயே பொழுதைக் கழித்தால் நோயாளியைப் பார்ப்பவர் யார் என்பது அவர் கவலை.

மறு ஆண்டு கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. 38 பெண்டிரை அழைத்துக்கொண்டு 1854 நவம்பரில் துருக்கியின் ஸ்கூட்டாரிப் படைமனையைச் சேர்ந்தார். பெருங்கட்டடம்; தாழ்வாரங்களில் நெருக்கமாகப் படுக்கைகள்; அடித்தளத்திலோ அடைபட்ட சாக்கடைகள். அம்மையார் துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், சமையலைத் திருத்தினார், பண்டங்களைத் தருவித்தார். எனினும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்குச் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் மாண்டனர். போர்க்களத்துப் புண்ணால் இறந்தோர் சிலரே. காய்ச்சலாலும் வயிற்றுப் போக்காலும் இறந்தோர் பலர். மார்ச்சு மாதத்தில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைக் கழுவித் துப்புரவு செய்து, காற்றோட்டத்துக்கு வழி திறந்தனர். ஜூன் மாதத்தில் அத்தொகை நூற்றுக்கு இருவர் அளவாயிற்று.

1856-இல் தாயகம் மீண்ட அம்மையாரை நாடே கொண்டாடியது. அவரோ ஆரவாரத்துக்கு ஒதுங்கி, புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் துணையுடன் இறந்தோர் கணக்கைத் தொகுக்க அமர்ந்தார். குளிராலும் பட்டினியாலும் நலிந்து, காலங்கடந்து கொண்டுவரப்பட்டதாலேயே வீரர்கள் இறந்தனர் என்று அவர் முன்பு நம்பியிருந்தார். கணக்கு வேறு செய்தி கூறியது. போர்முனைக் கூடாரங்களினும் தாம் பணியாற்றிய மருத்துவமனையிலேயே சாவு மிகுந்திருந்தது! உயிர் காக்கும் இடமே உயிர் குடித்தது. 1857-இல் அவர் உடல்நலம் குலைந்து வீழ்ந்ததற்கு இவ்வுண்மையும் ஒரு காரணம் என ஆய்வாளர் சிலர் கருதுவர். கிரிமியாவில் பற்றிய காய்ச்சலின் எச்சமே என்பர் வேறு சிலர். எதுவாயினும், பிறர்மேல் பழியேற்றித் தம் புகழைக் காத்துக்கொள்ள அவர் முனைந்திலர். மாதந்தோறும் எத்தனை பேர், எதனால் இறந்தனர் என்பதை வண்ண வட்டப்படமாக வரைந்து, 1858-இல் தம் அறிக்கையுடன் அச்சிட்டுச் செல்வாக்குடையோர்க்கு அனுப்பினார். மருத்துவமனை நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருத்தலே அதன் முதற்கடமை என அவர் எழுதியது இப்பட்டறிவின் விளைவேயாம்.

செவிலித்தொழில் பற்றி 1859-இல் எழுதிய நூலில் கைகழுவுதல், காற்று, ஒளி, அமைதி ஆகியவற்றை விரித்துரைத்தார். அவற்றினும் எனக்கு வியப்பளிப்பது ஒன்றுண்டு. பொறுப்பேற்ற செவிலி, தாம் அருகிருந்து செய்யும் பணி தாம் இல்லாதபோதும் தவறாது நடக்குமாறு ஒழுங்கு செய்தல் வேண்டும் என்பது அது. இரவுப்பணி முடித்து வரும் நம் பெண்கள் முறைமாற்றத்தின்போது மறு செவிலியிடம் ஒவ்வொரு படுக்கையாக ஒப்புவித்து வருவதன் பொருள் இதனால் விளங்கும். ஒன்று சொல்ல வேண்டும்: நோய்க்குக் காரணம் கெட்ட காற்றே என நெடுங்காலம் எண்ணிய அம்மையார், கிருமிக் கொள்கையை எளிதில் ஏற்றிலர். காரணத்தில் பிழைத்தார்; கழுவச் சொன்னதில் பிழைக்கவில்லை.

1860-இல் லண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி அவர் பெயரால் தோன்றியது. அடுத்த ஆண்டு கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேற்றுக் கூடமொன்று, அவர் பெயரில் திரண்ட நிதியின் துணையால் திறக்கப்பட்டது. அங்கே மகப்பேற்றுக் காய்ச்சல் கண்டு தாய்மார் இறந்தனர். 1867-இல் கூடம் மூடப்பட்டது. மற்றவராயின் அத்துடன் மறந்திருப்பர். அம்மையாரோ பல நாட்டு மகப்பேற்று நிலையங்களின் கணக்குகளைத் தருவித்துச் சீர்தூக்கி, வீட்டில் மகப்பெறும் ஏழைப் பெண்ணைவிட அந்நிலையங்களில் பெறுபவளே பேரிடருக்கு ஆளாகிறாள் என 1871-இல் நூலாக வெளியிட்டார். தம் நிதியில் நடந்த கூடத்தின் சாவுக் கணக்கும் அதில் மறையாது இடம்பெற்றது.

இந்தியாவில் அவர் அடிவைத்ததேயில்லை. ஆயினும் இந்நாட்டுப் படைமுகாம்களுக்கெல்லாம் வினாத்தாள் அனுப்புவித்து, வந்த விடைகளை ஆராய்ந்து, ஆங்கிலப் படைவீரருள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதை 1863-இல் வெளிப்படுத்தினார். மறு ஆண்டே வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. 1873-இல் அத்தொகை 18 ஆகக் குறைந்ததென அவரே எழுதினார். பின்னாளில் அவர் கவனம் படைவீடுகளைக் கடந்து இந்நாட்டுச் சிற்றூர்களின் குடிநீரையும் சாக்கடையையும் நாடிச் சென்றது.

1907-இல் பிரிட்டனின் உயரிய விருதான ஆர்டர் ஆப் மெரிட்டைப் பெண்களுள் முதலாவதாகப் பெற்றார். அப்போது பார்வை மங்கி, நினைவும் தளர்ந்திருந்தது. 1910 ஆகஸ்டு 13-இல், 90-ஆம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலில் அடக்கஞ்செய்ய அரசு முன்வந்தும், அவர் விருப்பப்படி உறவினர் அதனை மறுத்து, ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரில் குடும்பக் கல்லறையில் அடக்கினர். கல்லில் அவர் பெயர் முழுமையாக இல்லை. இரண்டு முதலெழுத்துகளும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே உள்ளன.