டொரன்டோவில் இதழ் நடத்திய கறுப்பினப் பெண்மணி

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1823 இல் பிறந்தவர் மேரி ஆன் ஷாட். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க வகைசெய்யும் சட்டம் 1850 இல் அங்கு நிறைவேறியதை அடுத்து, அவர் கனடாவில் குடியேறினார்.

1853 இல் அவர் தொடங்கிய பிரொவின்ஷியல் ஃப்ரீமன் வார இதழ், அடுத்த ஆண்டு டொரன்டோவிலிருந்து வெளியானது. பெண் ஆசிரியரை அக்காலச் சமூகம் ஏற்காது என்பதால், ஆசிரியர் என சாமுவேல் ரிங்கோல்ட் வார்டின் பெயரே அச்சிடப்பட்டது. கறுப்பின அகதிகளின் பெயரால் நன்கொடை திரட்டப்படுவதையும், கறுப்பினத்தவருக்கெனத் தனிப் பள்ளிகள் நடத்தப்படுவதையும் எதிர்த்த அந்த இதழ், சுயசார்பை வலியுறுத்தியது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படைக்குக் கறுப்பின வீரர்களைத் திரட்டிய ஷாட், 1893 இல் காலமானார். அதே ஆண்டில்தான் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் பறையன் இதழைத் தொடங்கினார். பிறர் தமக்காகப் பேசுவார்கள் என்று காத்திராமல், ஒதுக்கப்பட்டோர் சொந்தப் பத்திரிகை வழியே அணிதிரண்டது இரு நாடுகளிலும் நிகழ்ந்த வரலாறு.