புது காருக்கு முதல் மாற்றம் என்ன? கரிவரதன் கதை

ராத்திரி பதினோரு மணிக்கு மேல நாவலூர் ஓஎம்ஆர் ஓரமா ஒரு டீயோட நின்னு பாருங்க. கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடலாம், எந்தக் கார்ல எக்ஸாஸ்ட் மாத்தியிருக்காங்கன்னு. அந்த அளவுக்குச் சத்தம்.

ஸ்போர்ட்டியா ஒரு கார் வாங்கினதும் நம்ம பசங்க போடற லிஸ்ட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். முதல்ல எக்ஸாஸ்ட், அடுத்து இசியு ரீமேப், அப்புறம் பெரிய அலாய், பின்னாடி ஒரு ஸ்பாய்லர். டயரும் பிரேக்கும் கடைசி வரியில இருக்கும், அதுவும் காசு மிஞ்சினா. உங்க கையிலயும் இப்படி ஒரு லிஸ்ட் இருந்தா, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. இந்த லிஸ்ட்டைக் கிட்டத்தட்ட தலைகீழா எழுதின ஒரு மனிதரைப் பத்திச் சொல்றேன். அவர் பேரு எஸ். கரிவரதன்.

ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போன சீனியர்களைக் கேட்டா, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயைப் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க. அந்த ‘கரி’ யாருன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. அது இவர்தான்.

கரிவரதன் 1954-ல் பிறந்தவர். கோவையில் ஜவுளித் தொழிலில் பேர் பெற்ற குடும்பம். வசதிக்குக் குறைவில்லை. ஆனா அவருக்குப் பிடிச்சது மெஷினும் வேகமும். ரேஸ் ஓட்டினார், விமானமும் ஓட்டினார்.

அப்போ தமிழ்நாட்டில் கார் ரேஸ்னா சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். அதுதான் டிராக். அங்கே ஓடினது பெரும்பாலும் நம்ம ஊரு ரோட்டில் ஓடின அதே ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு. எல்லாம் பட்டறையில் வெச்சு உடைச்சு, தேய்ச்சு, கார்புரேட்டர் மாத்தி மாடிஃபை பண்ணினது. இன்னொரு பக்கம், பெரும் பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து நிஜ ரேஸ் கார்களையே இறக்கினாங்க. விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார்.

சோழவரத்தில் கரிவரதனும் ஓட்டினார். இங்கே ஒரு சிக்கல் இருக்கு, கவனிங்க. ஒரு பக்கம் இறக்குமதி கார், இன்னொரு பக்கம் பட்டறை ஃபியட்னா, ஜெயிக்கிறது ஓட்டுநரா, பணமா? திறமை இருந்தும் பணம் இல்லாத ஒரு பையன் எப்போ மேல வருவான்?

கரிவரதனிடம் பணம் இருந்தது. தனக்கு மட்டும் இன்னும் வேகமா ஒரு கார்னு அவர் நின்னிருக்கலாம். அங்கே நிக்காம, பலரும் ஓட்டக்கூடிய ஒரு ரேஸ் கார் கட்டறதுன்னு இறங்கினார். கோவையில் அதுக்கு என்ன குறை? தெருவுக்குத் தெரு லேத், ஃபவுண்டரி, கை தேர்ந்த வெல்டர்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்திருந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர், சுமார் 40 குதிரைத்திறன். பால் பாக்கெட் வாங்கப் போற கார்னு நாம நினைக்கிற அதே வண்டி. 1980களின் இறுதியில், இந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எடுத்து, குழாய்ச் சட்டத்தில் ஒரு ஒற்றை இருக்கை கார் கட்டினார் கரிவரதன். இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் போனது. கதவு, கூரை, பின் சீட்டு எதுவும் இல்லை. அதுதான் ஃபார்முலா மாருதி.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஃபார்முலா மாருதியோட எடையை நான் சொல்லலை, இது வெறும் காகிதக் கணக்குதான். மாருதி 800 சுமார் 650 கிலோ. 70 கிலோ ஓட்டுநரைச் சேர்த்தா 720. 40 குதிரைத்திறன்னா, ஒரு குதிரை 18 கிலோவை இழுக்கணும். அதில் 250 கிலோ குறைச்சா மொத்தம் 470. ஒரு குதிரைக்கு 12 கிலோகூட வராது. எடையைக் குறைக்காம இதே விகிதம் வேணும்னா இன்ஜின் 61 குதிரைத்திறன் தரணும். அதாவது பாதிக்கு மேல அதிகம். அந்த அளவுக்குப் பிழிஞ்ச இன்ஜின் எத்தனை ரேஸ் தாங்கும்?

இன்னொண்ணு, இன்ஜின் சக்தி கூடினா நேர் ரோட்டில் மட்டும்தான் லாபம். எடை குறைஞ்சா கிளம்புறப்பவும் லாபம், பிரேக் போடறப்பவும் லாபம், வளைவிலும் லாபம். மெக்கானிக்ஸ் பேப்பரில் நாம எழுதற அதே நியூட்டன் இரண்டாம் விதிதான் இது.

சாதா இன்ஜினா இருந்ததால் கெட்டுப்போனா எந்த ஊர்லயும் பார்ட்ஸ் கிடைச்சது. எல்லார் காரும் ஒரே மாதிரி இருந்ததால், யார் நல்லா ஓட்டறாங்கங்கிறது தெரிஞ்சது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. நாவலூர்லேர்ந்து வண்டலூர் போய் வெளிவட்டச் சாலையைப் பிடிச்சா, நீங்களே போய்ப் பார்த்துட்டு வரலாம். அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கின கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர். பின்னாடி வந்த சென்னையின் கருண் சந்தோக்கும் ஆரம்பத்தில் ஓட்டினது ஃபார்முலா மாருதிதான்.

நரேன் ஃபார்முலா ஒன் ஓட்டினதைக் கரிவரதன் பார்க்கலை. 1995 ஆகஸ்டில் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். நாற்பத்தொரு வயசு. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த டிராக்குக்கு அவர் பேரை வெச்சாங்க.

சரி, உங்க லிஸ்ட்டுக்கு வருவோம். கரிவரதன் வழியில் யோசிச்சா, முதல் செலவு டயர். ரோட்டைத் தொடறது உள்ளங்கை அளவு நாலு துண்டு ரப்பர்தான். ஆக்சிலரேட்டர், ஸ்டீயரிங், பிரேக் மூணும் அது வழியாத்தான் வேலை செய்யுது. அடுத்து பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். தொடர்ந்து அழுத்தி அழுத்தி ஓட்டினா பழைய ஆயில் கொதிச்சு பெடல் உள்ளே போயிடும். மூணாவது வீல் அலைன்மென்ட். எடை குறைக்கிறேன்னு ஏர்பேக்கையோ சீட் பெல்ட்டையோ கழட்டிடாதீங்க; டிக்கியில் கிடக்கிற சப்வூஃபரை இறக்கினாலே போதும். நாலாவது நீங்க. ஒரு எக்ஸாஸ்ட் வாங்கற காசை எடுத்துட்டுப் போய், டிராக்கில் சொல்லித்தர ஆள் வெச்சு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. இன்ஜின் கடைசி.

ரோட்டில் ஓட்டற வண்டின்னா இன்னொரு கணக்கும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரர் முதல்ல பார்க்கிறதும் அதைத்தான்.

காரை வேகமாக்கணும்னா இன்ஜின் மேல கை வெக்கத்தான் வேணும்னு நினைக்கிறோம். நாற்பது குதிரை இன்ஜினை வெச்சு ஒரு மனிதர் ஃபார்முலா ஒன்னுக்கே வழி போட்டுட்டார். உங்க காரில் இருக்கிறது அதைவிட எவ்வளவு அதிகம்னு ஆர்சி புக்கை எடுத்துப் பாருங்க. அப்புறம் லிஸ்ட் எழுதுங்க.